இடிப்பதற்கும் திட்டம் வேண்டும்

கட்டுவதற்கு அறிவு வேண்டும், இடிப்பதற்குக் கைவலிமை போதும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஒரு வீட்டைக் கட்டும்போது வரைபடம் போடுகிறோம், பொறியாளரைக் கேட்கிறோம், மாநகராட்சியின் அனுமதி பெறுகிறோம், நல்ல நாளும் பார்க்கிறோம். அதே வீட்டையோ வீட்டின் ஒரு பகுதியையோ இடிக்க வேண்டி வந்தால், சம்மட்டியும் கடப்பாரையும் ஏந்திய நான்கு ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டு, தூசி படாத தூரத்தில் நின்றுகொள்கிறோம்.

கட்டடப் பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் இதற்கு நேர்மாறான ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். கட்டும் வேலையைவிட இடிக்கும் வேலைக்கே முன்யோசனை மிகுதியாக வேண்டும். காரணம் எளிது. கட்டும்போது கட்டடம் நாளுக்கு நாள் வலுப்பெறுகிறது. இன்ன தூணில் இத்தனை கம்பி, இன்ன கலவையில் இத்தனை சிமெண்டு என்பதைக் கட்டுகிறவன் அறிவான். இடிக்கும்போதோ கட்டடம் மணிக்கு மணி வலுவிழக்கிறது. உள்ளே கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது, எந்தச் சுவரை முன்னரே யார் குடைந்திருக்கிறார்கள், எந்தத் தளத்தில் பின்னாளில் அறை சேர்த்திருக்கிறார்கள் என்பது எவருக்கும் முழுமையாகத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பலவீனப்படுத்திக்கொண்டே, அதன் மேலே ஏறி நின்று வேலை செய்வதுதான் இடிப்பு வேலை.

இது நமக்கு ஏன்?

நான் பாண்டுப்பில் வாழ்கிறேன். முன்பு ஆக்ரா சாலை எனப்பட்ட லால் பகதூர் சாஸ்திரி சாலை எங்கள் ஊரை ஊடறுத்துச் செல்கிறது. அதன் இரு மருங்கிலும் ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் நிறைந்திருந்தன. தொழிலாளர் குடியிருந்த சால்களும், நான்கு மாடிச் சொசைட்டிக் கட்டடங்களும் அவற்றைச் சூழ்ந்து எழுந்தன. இன்று அந்த நிலங்களில் உயர்ந்த மாடிவீடுகள் வானை நோக்கி வளர்கின்றன. பழையது போனால்தானே புதியது வரும்? ஆகவே பாண்டுப்பில் ஏதேனும் ஒரு தெருவில் எந்நாளும் ஒரு கட்டடம் இடிபட்டுக்கொண்டிருக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நண்பர்களுக்கும் இக்காட்சி புதிதன்று.

நம் இல்லங்களில் மூன்று வகையாக இவ்வேலை நம்மைத் தொடுகிறது. நாம் குடியிருக்கும் கட்டடமே மறுகட்டுமானத்திற்குப் போகலாம். பக்கத்துக் கட்டடம் இடிபடும்போது நம் சுவர் அதனோடு ஒட்டி நிற்கலாம். அல்லது நம் வீட்டிலேயே, சமையலறையைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்துவிடலாம் என்று அப்பா ஒரு மேஸ்திரியை அழைத்து வரலாம். இம்மூன்றில் கடைசியானதே மிகச் சிறியது போலத் தோன்றும். உண்மையில் அதுவே மிகக் கொடிய விளைவைத் தந்திருக்கிறது.

காட்கோபர் கற்பித்த பாடம்

பாண்டுப்பிலிருந்து இரயிலில் தெற்கே சென்றால் மூன்றாவது நிலையம் காட்கோபர். அங்கே, அதே லால் பகதூர் சாஸ்திரி சாலையை ஒட்டி, தாமோதர் பார்க் பகுதியில் ஒரு நான்கு மாடிக் கட்டடம் இருந்தது. 2017-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் காலையில் அது முழுவதும் சரிந்து விழுந்தது. பதினேழு பேர் மாண்டனர். அக்கட்டடத்தை இடிக்க எவரும் திட்டமிடவில்லை. முன்பு மருத்துவமனையாக இயங்கிய தரைத்தளத்தில் மாற்ற வேலைகள் நடந்துகொண்டிருந்தன. அவ்வேலையின்போது கட்டடத்தைத் தாங்கிய தூண்களில் கைவைக்கப்பட்டது என்பதே எழுந்த குற்றச்சாட்டு.

அதை நடத்தியவர்களின் குற்றத்தை நீதிமன்றம் ஆராயட்டும். நாம் ஆராய வேண்டியது அதன் இயக்கத்தை. தரைத்தளத்தில் வேலை நடக்கிறது. நான்காம் மாடியில் ஒருவர் தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறார். அவருக்கும் கீழே விழும் சம்மட்டி அடிக்கும் தொடர்பு இல்லை என்று தோன்றும். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் எடைகூட அந்தத் தரைத்தளத் தூண் வழியாகத்தான் மண்ணை அடைகிறது. பகுதி இடிப்பு என்று ஒன்று பொறியியலில் உண்டு. ஆனால் பகுதிக்கு மட்டும் ஆபத்து என்று ஒன்று இல்லை.

எடை செல்லும் வழி

ஒவ்வொரு கட்டடத்திலும் எடை ஒரு வழியே இறங்குகிறது. தளத்தின் மேல் இருப்பது தளத்திற்கும், தளத்திலிருந்து உத்திரத்திற்கும், உத்திரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து கடைக்காலுக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் செல்கிறது. இவ்வாறு தூணும் உத்திரமும் தாங்கும் கட்டடத்தில் இடையிலுள்ள செங்கற்சுவர் பெரும்பாலும் மறைப்பே. ஆனால் பழைய சால்களிலும் பல பழைய இல்லங்களிலும் தூணே இல்லை, சுவரே தாங்குகிறது. அங்கே ஒரு சுவரை எடுப்பது தூணை எடுப்பதற்குச் சமம். வெளிப்பூச்சைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல இயலாது. பூச்சைச் சிறிது செதுக்கி, மேலும் கீழும் உள்ள தளங்களில் அச்சுவர் தொடர்கிறதா என்று பார்த்த பின்னரே சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு அமைப்புகளை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சஜ்ஜாவும் பால்கனியும். கீழே தாங்கும் தூண் இல்லாமல் இவை எப்படி நிற்கின்றன? பல கட்டடங்களில், சுவருக்குள் புதைந்த அவற்றின் பின்பகுதியை மேலேயுள்ள சுவரின் எடை அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்தச் சுவரை முதலில் இடித்தால், தராசின் ஒரு தட்டிலிருந்து எடையை எடுத்தது போல, சஜ்ஜா தலைகுப்புற வீழும். எனவே நீட்டிக்கொண்டிருப்பதை முட்டுக் கொடுத்து முதலில் எடுக்க வேண்டும்; அதைப் பிடித்திருக்கும் சுவர் பிறகு.

மற்றொன்று, இரும்பு உத்திரங்களுக்கு இடையே செங்கல் வளைவு கட்டிய பழைய தளங்கள். ஒவ்வொரு வளைவும் பக்கத்து வளைவைத் தள்ளிக்கொண்டும், அதனால் தள்ளப்பட்டுக்கொண்டும் நிற்கிறது. நடுவில் ஒன்றை உடைத்தால் பக்கத்து வளைவின் தள்ளலைத் தாங்க ஆள் இல்லை. உத்திரங்களை ஒன்றோடொன்று கட்டி, முட்டுக் கொடுத்த பிறகே ஒரு வளைவைத் தொடலாம்.

திட்டத்தின் படிகள்

இடிப்பு வேலைக்கென்று நம் நாட்டில் நெறிமுறை இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 4130 என்பது அதன் எண். 1991-இல் திருத்தி வெளியிடப்பட்டது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பும் இதைப் பேசுகிறது. அவற்றின் சாரத்தை, லால் பகதூர் சாஸ்திரி சாலையில் நாம் கற்பனையாக நிறுத்தும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதற்படி, ஆய்வு. பழைய வரைபடம் கிடைத்தால் நன்று. ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. தளம் தளமாக நடந்து, விரிசல், ஒழுக்கு, துரு, பின்னாளில் சேர்த்த அறை, எடுத்துவிட்ட சுவர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கீழே நிலவறையோ கழிவுத்தொட்டியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரம் அதன் மேல் ஏறினால் மூடி உடைந்து இயந்திரமே உள்ளே இறங்கும்.

இரண்டாம் படி, அண்டை வீடு. ஒட்டிய சுவர் யாருடையது? இருவருக்கும் பொதுவா? பழைய கட்டடங்கள் நெருக்கமான தெருக்களில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்பதும் உண்டு. நடுவில் ஒன்றை எடுக்குமுன் பக்கத்துச் சுவருக்குச் சாய்வு முட்டுக் கொடுக்க வேண்டும். அண்டை வீட்டில் ஏற்கனவே உள்ள விரிசல்களைப் படம் எடுத்து, தேதியிட்டு, இரு தரப்பாரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் விரிசல் வளர்ந்தால் உடனே தெரியும், வழக்கும் குறையும்.

மூன்றாம் படி, இணைப்புகளைத் துண்டித்தல். வீட்டிலுள்ள மெயின் சுவிட்சை அணைத்தால் போதாது. தெருவிலிருந்து வரும் இடத்திலேயே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். சால்களில் பக்கத்து வீட்டுக்காரர் கம்பி நம் சுவர் வழியே போவதும் உண்டு என்பதை மறக்கலாகாது. குழாய் எரிவாயு, தண்ணீர், சாக்கடை ஒவ்வொன்றையும் உரிய துறையினரைக் கொண்டே அடைக்க வேண்டும். மாடித் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை; அதைத் தலையில் வைத்துக்கொண்டு தூணை உடைப்பது பேதைமை.

நான்காம் படி, தீங்கு செய்யும் பொருள்கள். சால்களின் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுத் தகடுகள் இன்னும் நிறைய உள்ளன. அவற்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றில் பறக்கும். அவை நுரையீரலில் தங்கிப் பல்லாண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். எனவே தகட்டை நனைத்து, ஆணியைக் கழற்றி, உடையாமல் முழுதாக இறக்கி, உறையிட்டுக் கட்டி அனுப்ப வேண்டும். கண்ணாடிகளையும் முதலிலேயே கழற்றிவிட வேண்டும்.

ஐந்தாம் படி, தடுப்பு. வழிநடப்பவரைக் காக்கச் சுற்றிலும் வேலி, மேலே பந்தல், சாரத்தில் வலை, எச்சரிக்கைப் பலகை, இரவில் சிவப்பு விளக்கு ஆகியவை வேண்டும். பலகை மராத்தியிலும் இந்தியிலும் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே வேலை செய்பவர் எந்த மொழி அறிவாரோ அந்த மொழியிலும் இருக்க வேண்டும்.

ஆறாம் படி, வரிசை. பொதுவிதி இதுதான்: மேலிருந்து கீழே, தளம் தளமாக. தாங்கப்படுவது முதலில், தாங்குவது பிறகு. எந்தச் சுவரும் துணையின்றித் தனியே உயர்ந்து நிற்கும்படி ஓர் இரவும் விடலாகாது. மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம். நனைந்த பழைய சுவர் எடை கூடும்; சுண்ணாம்புக் கலவையின் பிடிப்போ தளரும். ஆட்கள் இறங்கி வருவதற்கான மாடிப்படியையும் கைப்பிடியையும் இயன்றவரை கடைசியில் எடுக்க வேண்டும்.

ஏழாம் படி, இடிபாடு. இதைப் பலர் திட்டத்தில் சேர்ப்பதே இல்லை. ஆகவே இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு கணக்கு

வீட்டுத் தளம் ஒன்றைக் கட்டும்போது, அதன் மேல் மனிதரும் பொருளுமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ எடை ஏறும் என்று கொண்டு வடிவமைப்பது வழக்கம். பத்தடிக்குப் பத்தடி அறை என்றால் பரப்பு ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். ஆக அறை முழுவதற்கும் சுமார் 1,860 கிலோ.

அந்த அறையின் ஒரு பக்கச் சுவரை எடுத்துக்கொள்வோம். நீளம் பத்தடி, உயரம் பத்தடி, கனம் ஒன்பது அங்குலம். இதன் கன அளவு இரண்டு கன மீட்டருக்குச் சற்று மேல். செங்கற்சுவர் கன மீட்டருக்குச் சுமார் 1,900 கிலோ. எனவே அந்த ஒரு சுவர் மட்டும் நான்கு டன்! அதை உடைத்து அதே அறையில் குவித்தால், தளம் தாங்கவென வடிவமைத்த எடையைப் போல் இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இது மெல்லக் குவித்தால். சுவரை மொத்தமாகத் தள்ளி விழச் செய்தால் என்ன ஆகும்? உயரமே இல்லாமல், தொட்டாற்போல் வைத்திருந்த எடையைச் சட்டென விட்டாலே அதன் தாக்கம் இரு மடங்காகும் என்பது நாம் வகுப்பில் படித்த பாடம். உயரத்திலிருந்து விழுந்தால் தாக்கம் பன்மடங்கு.

முப்பது ஆண்டுகள் மழையில் நனைந்து கம்பி துருத்த தளம் இதைத் தாங்காது. அது உடைந்து கீழ்த்தளத்தில் விழும், கீழ்த்தளம் இப்போது இரண்டு தளங்களின் எடையை ஏற்க வேண்டும், அதுவும் உடையும். சீட்டுக்கட்டு போலத் தளங்கள் ஒன்றன் மேல் ஒன்று அமர்வது இப்படித்தான். ஆகவே இடிபாட்டை உடனுக்குடன் இறக்க வேண்டும். அதற்குச் சரிவுக் குழாய் அமைப்பார்கள். அந்தச் சரிவு 45 பாகைக்கு மேல் செங்குத்தாக இருந்தால் நாற்புறமும் மூடியிருக்க வேண்டும் என்பது நெறிமுறை. தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆனால் தளத்தில் தேங்கும்படி கொட்டக் கூடாது.

விலைமதிப்புள்ளதே தாங்குவது

இவ்வளவும் எழுதி வைத்திருந்தும் விபத்து ஏன் நேர்கிறது? அறியாமை ஒரு காரணம். மற்றொரு காரணம் பணம்.

நம் ஊரில் பழைய கட்டடத்தை இடிக்கும் ஒப்பந்தக்காரர் பல வேளைகளில் கூலி வாங்குவதில்லை. கட்டடத்துக்காரருக்கு அவரே பணம் தருகிறார். கட்டடத்திலுள்ள இரும்பு, தேக்கு, கதவு, சன்னல் ஆகியவற்றை விற்று அவர் ஈட்டுகிறார். பழைய பொருள் வீணாகாமல் மறுபயன் பெறுவது நல்லதே. ஆனால் இதில் ஒரு பெரும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கட்டடத்தில் மிகுந்த விலை பெறுவது எதுவோ, அதுவே பெரும்பாலும் கட்டடத்தைத் தாங்குவதாகவும் இருக்கிறது. மர உத்திரமும் இரும்பு உத்திரமும் கம்பியுமே காசு. உதிர்ந்த செங்கல்லுக்கும் பூச்சுக்கும் என்ன விலை? கையில் விரைவாகக் காசு வர வேண்டும் என்றால் தாங்குவதை முதலில் எடுக்கத் தோன்றும். பொறியியல் சொல்லும் வரிசையும் பணம் சொல்லும் வரிசையும் இங்கே நேருக்கு நேர் மோதுகின்றன.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 2013-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், இடிபட்டுக்கொண்டிருந்த ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் சுவர், ஒட்டியிருந்த ஒற்றைத் தளக் கடையின் மேல் விழுந்தது. ஆறு பேர் அன்றே இறந்தனர். ஏழாமவர் சில வாரங்களில் இறந்தார். அச்சுவரைப் பிடித்திருந்த மர விட்டங்கள், விற்பதற்காக முன்னதாகவே கழற்றப்பட்டிருந்தன. சுவர் துணையின்றி நின்றது. கீழே கடையோ வழக்கம்போல் திறந்திருந்தது. செல்வம் மிக்க நாடு, சட்டம் மிக்க நகரம். இருந்தும் ஐந்தாம் படியும் ஆறாம் படியும் தவறின.

ஒன்பது வினாடிக்கு ஓராண்டு

திட்டமிட்டால் என்ன நிகழும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. நொய்டாவில் நின்ற இரட்டைக் கோபுரங்களை இடிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஆகஸ்டு 31-இல் ஆணையிட்டது. அவை 2022 ஆகஸ்டு 28-இல் வீழ்ந்தன. சுமார் 3,700 கிலோ வெடிபொருள். ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். வீழ்ந்த நேரம் ஒன்பது வினாடி அளவே. மிக அருகிலிருந்த குடியிருப்புக் கட்டடம் பத்து மீட்டர் தூரம்கூட இல்லை. முன்னதாக ஏப்ரலில் சில தூண்களில் மட்டும் வெடி வைத்துச் சோதனை செய்தனர். தூண்களைக் கம்பிவலையாலும் தடித்த துணியாலும் சுற்றினர். அண்டையிலிருந்த ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றினர். ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒன்பது வினாடி வேலைக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆயத்தம்.

சென்னை மௌலிவாக்கத்தை நாம் மறக்க முடியாது. 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அதன் துணைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-இல் வெடிவைத்துத் தகர்த்தபோது, சுற்றுவட்ட மக்களை முன்னரே அப்புறப்படுத்தியிருந்தனர். திட்டமின்றி வீழ்ந்தது உயிர்களைக் கொண்டுபோயிற்று. திட்டத்தோடு வீழ்ந்தது தூசியோடு முடிந்தது.

நம் மத்திய இரயில் பாதையிலும் ஒரு காட்சி கண்டோம். 2022 நவம்பர் 19 இரவு தொடங்கி, பழைய கர்னாக் பாலத்தை எடுக்க 27 மணி நேரத் தடை அறிவித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பைக்குளாவுக்கு அப்பால் வண்டி இல்லை என்று முணுமுணுத்தவர் பலர். ஆனால் அந்தத் தொல்லைதான் திட்டம். அடியில் ஆள் இல்லாத நேரத்தை உண்டாக்கிக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை செய்வதே அதன் பொருள்.

எச்சரிக்கையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் 1997 ஜூலை 13 அன்று ஒரு பழைய மருத்துவமனையை வெடிவைத்துத் தகர்த்தனர். அதைக் காண ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திருவிழாப் போலக் கூடினர். நானூறு மீட்டருக்கும் அப்பால் நின்ற ஒரு சிறுமியின் மேல் இரும்புத் துண்டு பாய்ந்து அவள் உயிர் போயிற்று. இடிப்பு வேடிக்கை பார்ப்பதற்கு உரியதன்று.

நாம் செய்யக் கூடியவை

நண்பர்களே! நாம் அனைவரும் பொறியாளர் அல்லோம். ஆயினும் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள். வீட்டில் வரும் ஆங்கில, மராத்திக் கடிதங்களைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்பவர்கள் நாம்தான். எனவே சிலவற்றை அறிந்திருப்பது நம் கடமை.

மும்பை மாநகராட்சிச் சட்டத்தின்படி முப்பது ஆண்டுகளைக் கடந்த கட்டடம் பதிவு பெற்ற பொறியாளரால் ஆராயப்பட்டு உறுதிச் சான்று பெற வேண்டும். ஆய்வில் கட்டடம் நான்கு வகையாகப் பிரிக்கப்படும். சி-1 என்றால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது. சி-2ஏ என்றால் காலி செய்து பெரும் பழுது பார்க்கவோ ஒரு பகுதியை இடிக்கவோ வேண்டியது. சி-2பி என்றால் குடியிருந்தபடியே பழுது பார்க்கத்தக்கது. சி-3 என்றால் சிறு பழுது. நம் கட்டடம் எந்த வகை என்று சொசைட்டிச் செயலாளரைக் கேட்டு அறிவோம். சி-1 என்ற அறிவிப்பு வந்தால், வீடு போய்விடுமே என்ற அச்சத்தில் அதை அலமாரியில் மறைத்து வைப்போர் உண்டு. குடியிருப்போரின் உரிமைக்குப் போராட வேண்டியதுதான். ஆனால் அந்தப் போராட்டத்தை விழப்போகும் கூரையின் கீழிருந்து நடத்த வேண்டாம்.

பக்கத்தில் இடிப்பு வேலை தொடங்கினால் ஆறு கேள்விகளைப் பணிவோடு கேட்போம். பொறுப்பேற்றிருக்கும் பொறியாளர் யார்? இடிக்கும் வரிசை எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? மின்சாரமும் எரிவாயுவும் துண்டிக்கப்பட்டனவா? எங்கள் சுவருக்கு முட்டு உண்டா? இடிபாடு எங்கே, எப்போது செல்லும்? அபாயம் என்றால் எந்த ஒலி, எந்தப் பக்கம் ஓட வேண்டும்? விடை இல்லை என்றால் வார்டு அலுவலகத்திற்கு எழுதுவோம். பாண்டுப் எஸ் வார்டைச் சேர்ந்தது. மற்றவர்கள் தத்தம் வார்டைத் தெரிந்துகொள்ளட்டும்.

நம் வீட்டில் மேஸ்திரி வந்து, இந்தச் சுவர் ஒன்றும் தாங்கவில்லை, எடுத்துவிடலாம் என்று சுவரைத் தட்டிக் காட்டினால், அவருக்குத் தேநீர் கொடுப்போம். சம்மட்டியை மட்டும் ஒரு பொறியாளர் பார்க்கும்வரை தூக்க விடாதிருப்போம். அப்பா சினப்பார், இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் வீண் என்பார். மேல் மாடியில் இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அவரிடம் சொல்லுங்கள்.

இறுதியாக, இடிக்கும் தொழிலாளரைப் பற்றி ஒரு சொல். தலைக்கவசம் இல்லாமல், செருப்புக் காலோடு, தான் நிற்கும் தளத்தையே உடைத்துக்கொண்டிருக்கும் மனிதரை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். மேலே சொன்ன ஏழு படிகளில் ஒன்று தவறினாலும் முதலில் விழுபவர் அவரே. நம்மில் சிலர் நாளை பொறியாளராகக் கையெழுத்திடப் போகிறோம். வரிசையை எழுதிக் கொடுப்பதோடு நம் வேலை முடியாது. முதல் நாள் காலையில் தளத்திற்கு ஏறிச் சென்று, அந்த வரிசையை அவருடைய மொழியில் அவருக்குச் சொல்லி, அவர் புரிந்துகொண்டார் என்று அறிந்த பின்னரே முதல் அடி விழ வேண்டும்.